செவிலியர் கல்லூரிக்கு முன்னே மூன்று பாடங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலோ வரலாறோ படித்துத் தேறிய பெண் ஒருத்தி, செவிலியர் பணியே தன் பணி எனப் பின்னர்த் துணிகிறாள் என்று கொள்வோம். நான்காண்டு நர்சிங் பட்டப் படிப்பின் வாயில் அவளுக்கு உடனே திறப்பதில்லை. பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய மூன்றிலும் சேர்த்து 45 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதி. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பிற்கு அறிவியல் கட்டாயமன்று. பட்டம் வேண்டுவோர்க்கே இந்தத் தடை.

இதனை வீண் கெடுபிடி என்று எண்ணலாகாது. நோயாளியின் நாளத்தில் ஏற்றும் உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. அதற்கு மாறாக வெறும் தண்ணீரை ஏற்றினால், அது செவ்வணுக்களுக்குள் புகுந்து அவற்றை வெடிக்கச் செய்துவிடும். சவ்வூடு பரவல் என்று இரசாயன நூல் கூறுவது இதுவே. (மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஆங்கிலச் சொல்லைக் காட்டிலும் இத்தமிழ்ச் சொல்லே பொருளைத் தெளிவாக உணர்த்துவதாகத் தோன்றுகிறது.) 500 மில்லிலிட்டர் நீரை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாயில் 20 துளி ஒரு மில்லிலிட்டர் ஆகும். எனில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 21 துளி விழவேண்டும். நள்ளிரவில், துணைக்கு ஒருவருமின்றி, இக்கணக்கைப் பிழையறப் போட வேண்டியவள் செவிலியே.

விடுபட்ட பாடங்களை இப்பொழுது எங்ஙனம் படிப்பது? 1989-ஆம் ஆண்டில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என வழங்கும் மத்திய அரசு நிறுவனம் இதற்கு வழி செய்கிறது. பாடநூல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் காணொளிப் பாடங்களும் உண்டு. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. நாடெங்கும் ஒரே பாடத்திட்டமாதலால், தந்தைக்கு நாகபுரியிலிருந்து கௌஹாத்திக்கு மாற்றலானாலும் படித்தது வீணாகாது. அறிவியல் பாடங்களும் ஆங்கிலமும் கொண்ட இந்நிறுவனத் தேர்ச்சியைச் செவிலியர் மன்றத்தின் விதிகள் ஏற்கின்றன.

ஆயினும், திரையில் பாடங்கேட்டது மட்டும் தகுதியாகிவிடாது. செய்முறைத் தேர்வுக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதற்குப் படிப்பு மையத்தின் ஆய்வுக்கூடத்திற்கு நேரே சென்று பயில வேண்டும். ஆகவே, சேருமுன் அருகிலுள்ள மையத்தில் நல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்று பார்த்துவருக. இன்னொன்று: இந்நிறுவனத்தில் தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும், செவிலியர் கல்லூரி கேட்பதோ 45. 'தேறினாள்' என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்து, பின்பு கல்லூரி வாயிலில் திகைக்க நேரிடலாம்.

முன்பே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் 'பகுதிச் சேர்க்கை' முறையில் நான்கு பாடங்கள் வரை எழுதலாம். அவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் மட்டுமே வழங்கப்படும். புதிய சான்றிதழ் வழங்கப்படுவதில்லை. பழைய சான்றிதழையும் இப்பட்டியலையும் சேர்த்து ஏற்பரா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் கல்லூரியிடமும் அந்தந்த மாநிலச் செவிலியர் மன்றத்திடமும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களுக்குப் பல மாநிலங்கள் இருப்பிடச் சான்றும் கோருவதால், அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர் அதே கடிதத்தில் அதனையும் கேட்டுவிடலாம்.