சங்க அலுவலகங்களுக்கு ஒரு பொது விலாசப் பதிவேடு

கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் செல்கிறவர்கள் முதலில் கேட்பது ரொக்கப் புத்தகம். அடுத்து இருப்புப் பதிவேடு; அதன் பின் அங்கத்தினர் பதிவேடு. விலாசப் புத்தகத்தை எடுத்து வையுங்கள் என்று எவரும் கேட்பதில்லை. நாமும் பல ஆண்டுகள் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு தீபாவளி. மலையடிவாரத்துச் சமவெளியில் உள்ள ஒரு பட்டு நெசவாளர் சங்கத்துக்குப் பண்டிகைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே சேலைகளுக்கான ஆர்டர் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. பத்து நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆனால் அஞ்சல் சென்றடைந்தது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட பழைய காரியதரிசியின் சொந்த விலாசத்தை. அவரோ வெளியூரில் தம் மகன் வீட்டில் இருந்தார். அந்தப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார். பதில் வராமையால் ஆர்டர் வேறிடம் போயிற்று. சங்கத்துத் தறிகளில் பாவு தீர்ந்த பிறகு மறு பாவு ஏற்றப் பட்டு வாங்கலாமா, வாங்கினால் விற்குமா என்று நிர்வாகக் குழுவினர் தயங்கியிருந்த நாட்களில் நெசவாளிகளுக்குக் கூலி இல்லை. யார் மீதும் குற்றம் சொல்ல முடியவில்லை என்பதே இதில் வருத்தத்துக்குரிய செய்தி. அனுப்பியவர் தம்மிடமிருந்த பட்டியலைப் பார்த்துத்தான் அனுப்பினார்.

அந்தச் சங்கத்திலேயே எத்தனை பட்டியல்கள் இருக்கின்றன என்று பார்த்தோம். எழுத்தரின் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, புதிய காரியதரிசியின் கைப்பேசியில் ஒன்று. மூன்றும் மூன்று விதம்.

ஜவ்வாது மலையில் இந்தச் சிக்கல் இன்னும் சற்று அதிகம். மலை ஒன்றுதான், ஆனால் அதன் விலாசம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1989 வரை மலை முழுவதும் வட ஆற்காடு மாவட்டம். அவ்வாண்டு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது ஜமுனாமரத்தூர்ப் பகுதி திருவண்ணாமலையின் பக்கம் சேர்ந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, காவலூர்ப் பக்கங்கள் திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்தன. ஒவ்வொரு பிரிவினையின்போதும் அலுவலகங்கள் இடம் மாறின, மேலதிகாரிகள் மாறினர், தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் விலாசங்களும் மாறின. சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் விளையும் இடத்தில்தான் விளைகின்றன. அவற்றை வாங்க நினைப்பவர் யாருக்கு எழுதுவது என்பதில்தான் குழப்பம்.

இதற்குப் பரிகாரம் ஒன்று உண்டு. அலுவலகங்கள் யாவற்றின் விலாசங்களையும் ஒரே இடத்தில் ஒரு சர்வரில் வைத்து, எல்லா அலுவலகக் கம்ப்யூட்டர்களும் கடிதம் எழுதும் வேளையில் அதனையே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி செய்வது அது. பெறுநர் என்னும் கட்டத்தில் இரண்டு மூன்று எழுத்துக்களைத் தட்டியவுடன் சரியான விலாசம் தானே வந்து நிற்கும். ஓரிடத்தில் திருத்தினால் போதும். அடுத்த முறை கேட்கிறவர்கள் அனைவருக்கும் திருத்திய விலாசமே கிடைக்கும்.

இந்த ஏற்பாடு புதிதன்று. தொலைபேசி விலாசப் பட்டியலின் வயது 1878-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் ஐம்பது சந்தாதாரர்களுக்காக அச்சிட்ட ஒற்றைத் தாள் அது. கம்ப்யூட்டர்களுக்கான விலாசப் பட்டியல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வரையறுத்து எக்ஸ். 500 என்ற சர்வதேச விதித் தொகுப்பு 1988-இல் வெளிவந்தது. ஆனால் அது பெரும்பாரம். அன்றைய சிறு கம்ப்யூட்டர்கள் அதனைச் சுமக்க இயலவில்லை. ஆகவே மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டிம் ஹோஸ் முதலியோர் அதன் சாரத்தை மட்டும் எடுத்து எளிமைப்படுத்தி, 1993-இல் எல்டாப் என்னும் முறையை வெளியிட்டனர். 1997-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு நமக்கு முக்கியமானது. அதிலிருந்துதான் உலக மொழிகள் யாவற்றின் எழுத்துக்களையும், நம் தமிழ் உட்பட, பதிவேட்டில் ஏற்ற வழி பிறந்தது. 1998-இல் தொடங்கிய ஓபன் எல்டாப் என்னும் செயல்நிரல் விலையில்லாமல் கிடைக்கிறது. பலர் சேர்ந்து உழைத்து, பலன் எல்லோருக்கும் என்று விட்டுவைத்த பொருள். கூட்டுறவாளர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்கவேண்டிய அவசியமில்லை.

பதிவேட்டின் அமைப்பு தலைகீழாக நிற்கும் ஒரு மரத்தை ஒத்தது. உச்சியில் வேர், அதன் கீழ் கிளைகள், கிளைகளின் கீழ் இலைகள். நமது இயக்கத்துக்கு இது மிகவும் இயைந்த வடிவம். மாநில அளவில் தலைமைச் சங்கம், மாவட்ட அளவில் மத்தியச் சங்கம், ஊரளவில் ஆரம்பச் சங்கம் என்று 1904-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் படிப்படியாக வளர்ந்த அமைப்பை அப்படியே மரமாக வரைந்துவிடலாம். ஒவ்வொரு ஆரம்பச் சங்கமும் ஒரு கிளை. அதன் காரியதரிசி, எழுத்தர், கிடங்குக் காப்பாளர் ஆகியோரின் பதிவுகள் இலைகள். மேலும், ஒரு கிளையைத் திருத்தும் உரிமையை அந்தச் சங்கத்துக்கே ஒப்படைத்துவிட முடியும்; வேறு கிளையில் அவர்கள் கை வைக்க இயலாது. மேலிடத்து உத்தரவுக்காக ஒரு தொலைபேசி எண் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

நாமும் நம்மோடு ஆய்வுப் பணியில் இருக்கும் நண்பர்கள் இருவரும் சென்ற ஆண்டு இதைச் சோதனையாகச் செய்து பார்த்தோம். கழித்து ஒதுக்கிய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றே சர்வராயிற்று. சில ஆயிரம் பதிவுகள் வரை இத்தகைய இயந்திரத்துக்கு ஒரு சுமையே அல்ல. டெபியன் லினக்ஸை நிறுவி, அதன்மேல் ஓபன் எல்டாப்பை ஏற்றினோம். அது நிர்வாகியின் கடவுச்சொல்லையும் சங்கத்தின் இணையப் பெயரையும் கேட்டுக்கொண்டு அரை மணிக்குள் எழுந்து நின்றது. சர்வரை நிறுவுவது ஒரு பிற்பகலின் வேலை. விலாசங்களைத் திரட்டிச் சரிபார்க்கவோ ஏழு வாரங்கள் ஆயின. இதை எடுத்துக்கொள்ள நினைக்கும் சங்கங்கள் இந்தக் கணக்கை மனத்தில் இருத்த வேண்டும்.

முதல் தொல்லை எழுத்துருவில் வந்தது. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. எனினும் சங்கங்களில் இருந்த பழைய பட்டியல்கள் பல, வானவில் போன்ற முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றைச் சர்வரில் ஏற்றினால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

இரண்டாவது தொல்லை பெயர். எல்டாப்பை வகுத்தவர்கள் மேனாட்டார். ஆகவே மனிதர் ஒருவரைப் பதிய வேண்டுமாயின் இரண்டு கட்டங்கள் கட்டாயம் என்று வைத்தார்கள்: வழங்கும் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. குடும்பப் பெயர் இல்லாவிட்டால் சர்வர் பதிவை ஏற்க மறுத்துவிடும். நம்மவர்க்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் அதுவும் சில வேளை கணவர் பெயரின் எழுத்தாக மாறிவிடுகிறது. யோசித்து முடிவில், அவரவர் இயற்பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதி, தலைப்பெழுத்துக்கென உள்ள தனிக் கட்டத்தில் தலைப்பெழுத்தை இட்டோம். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக இட்டவர்களும் உண்டு. அவ்வாறு செய்தால் தேடும்போது மகனுக்குப் பதில் தகப்பனார் வந்து நிற்பார்.

இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல். கோவிந்தசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள், நான்கும் சரியே. எல்டாப்பின் வழங்கும் பெயர்க் கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை வைக்க இடமுண்டு என்று அறிந்தபோது நாம் உண்மையிலேயே மகிழ்ந்தோம். தமிழ்ப் பெயர் ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் நான்கு என ஐந்தையும் ஒரே பதிவில் இட்டுவிடலாம். எதைத் தட்டினாலும் அதே கோவிந்தசாமி கிடைப்பார்.

ஆனால் மலையில் ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பார்கள். பெயர் மாறும், ஊர் மாறும், பதவி மாறும்; மாறாதது ஒன்று வேண்டும். காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். ஆனால் வானியலார் அதனை ஐயமற அடையாளம் காட்டுவது 4130 என்ற எண்ணால். அதே முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி எண் கொடுத்தோம். பதிவு நீங்கினாலும் அந்த எண்ணை மற்றொருவருக்குத் தருவதில்லை.

நமது பட்டு நெசவாளர் சங்கத்துக்கு நேர்ந்ததைத் தடுக்கும் வழி, ஆளுக்கு விலாசம் என்றில்லாமல் பதவிக்கு விலாசம் என்று வைப்பது. காரியதரிசி என்பது ஒரு பதிவு. அதற்கென்று அலுவலக மின்னஞ்சல் ஒன்று. அப்பதவியில் இன்று இருப்பவர் யார் என்பதை அந்தப் பதிவு சுட்டிக்காட்டும். அவர் மாற்றலாகிப் போனால் சுட்டலை மட்டும் மாற்றினால் போதும். எழுதுகிறவருக்கு மாற்றம் நேர்ந்ததே தெரிய வேண்டாம். எல்டாப்பில் பதவிக்கெனத் தனியான பதிவு வகை உண்டு.

நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சர்வரை நிறுவியபோது இருந்த இயல்பான அமைப்பில், கடவுச்சொல் இன்றியே எவரும் பட்டியலைப் படிக்கலாம் என்றிருந்தது. நாம் இதைக் கவனியாமல் மூன்று நாட்கள் விட்டுவிட்டோம். நல்ல வேளையாக அந்த இயந்திரம் அலுவலகத்துக்கு வெளியே இணைக்கப்படவில்லை. கடவுச்சொல் கேட்கும்படி மாற்றினாலும் வேலை முடிவதில்லை. மறைகுறி இணைப்பு இல்லாவிட்டால் அந்தக் கடவுச்சொல்லே கம்பியில் பச்சையாகப் பயணம் செய்யும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

எதைப் பதிவது என்பதிலும் கட்டுப்பாடு தேவை. அலுவலக விலாசமும் அலுவலக எண்ணும் போதும். அங்கத்தினரின் ஆதார் எண், கடன் விவரம், வீட்டுத் தொலைபேசி ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், மலைமீதுள்ள ஒரு விவசாயியின் எண் அவர் கேளாமலே வியாபாரிகள் பலர் கைக்குப் போவது முறையன்று.

நிற்க. "வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறதே, அது போதாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அன்றாடச் செய்திக்கு அது போதும். ஆனால் ஆறு மாதங்களுக்கு முன் ஒருவர் அதில் இட்ட விலாசம் வணக்கங்களுக்கும் வாழ்த்துப் படங்களுக்கும் அடியில் புதைந்துபோகிறது. அதே சமயம், நான்கைந்து அலுவலகங்களோடு மட்டும் கடிதப் போக்குவரத்துள்ள சிறு சங்கத்துக்குச் சர்வர் வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்களுக்குப் பகிர்ந்த அட்டவணை ஒன்றே போதுமானது. முப்பது நாற்பது அலுவலகங்கள் சேர்ந்தால்தான் இந்தச் செலவுக்கும் உழைப்புக்கும் பொருள் உண்டு. இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை. மேசைக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்றவை எல்டாப்பை நேராகக் கேட்கும். கைப்பேசிகள் பலவற்றிலோ தனிச் செயலி தேவைப்படுகிறது. மலையில் கம்ப்யூட்டரைவிடக் கைப்பேசியே அதிகம்.

2022-இல் மத்திய அரசு தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கம்ப்யூட்டர்மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அது கணக்கு வழக்குகளுக்கானது. சங்கங்களுக்கு இயந்திரம் வருவதால் விலாசம் தானே சரியாகிவிடும் என்று எண்ணி இருந்துவிடலாகாது.

மலைக்கென்று நாம் செய்த தனி ஏற்பாடு ஒன்றே. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மேலே இணையம் இராது. ஆகவே சமவெளியில் மூல சர்வரையும் மலைமேல் அதன் நகல் சர்வரையும் வைத்தோம். நகல் படிக்க மட்டுமே. திருத்தங்கள் மூலத்தில்தான் நடைபெறும். இணைப்பு அறுந்தாலும் மேலுள்ளவர்கள் நகலில் தேடலாம். இணைப்பு மீண்டவுடன் இடையில் நடந்த மாறுதல்களை நகல் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு முறை நான்கு நாட்கள் அறுந்திருந்து மீண்டபோது இவ்வாறே நடந்தது.

பாதுகாப்புக்காக வாரம் ஒருமுறை முழுப் பதிவேட்டையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கி வைக்கிறோம். அதைத் திறந்து பார்த்த எழுத்தர் ஒருவர், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று பதறிப்போனார். அழியவில்லை; அந்தக் கோப்பு ஆங்கிலம் அல்லாத எழுத்துக்களைச் சங்கேதமாக மாற்றி வைக்கும். திரும்ப ஏற்றினால் தமிழ் தமிழாகவே வரும். அவர் கண்ணெதிரிலேயே ஏற்றிக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

மின்சாரமே இல்லாத நாளுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டை அச்சிட்டு, மலைமேலுள்ள அலுவலகத்தின் சுவரில் மாட்டச் செய்தோம். சென்ற மாதம் போளூர் வழியாக மீண்டும் மலையேறியபோது அந்தத் தாளைப் பார்த்தோம். மூன்று விலாசங்களை யாரோ சிவப்பு மையால் திருத்தியிருந்தார்கள். விசாரித்ததில் மூன்றும் சரியான திருத்தங்களே. அன்று மாலையே சர்வரில் ஏற்றினோம்.