கூலி உயர்வு கேட்கும் காலம்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. சாமையும் தேனும் புளியும் அம்மலை தரும் பொருள்கள். காவலூரில் அமைந்த வானோக்கு நிலையம் அதன் பெயரை உலகறியச் செய்திருக்கிறது. ஆயினும், அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் பலருக்குப் பிழைப்பு மலைக்கு வெளியிலேதான் அமைகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர்கள் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்குகின்றனர். அவ்வாறு இறங்கிய இளைஞர் சிலர் என்னிடம் கேட்ட வினா ஒன்றையே இன்று ஆராய விரும்புகிறேன்.

"வேலையில் சேர்ந்து இரண்டு மாதமே ஆகிறது. இப்போதே கூலியை உயர்த்தித் தரும்படி கேட்கலாமா? கேட்டால் நன்றி கெட்டவன் என்று எண்ண மாட்டார்களா?" இதுவே அவர்களது வினா. சிறிய வினாவாகத் தோன்றினாலும், ஒரு மனிதனின் உழைப்பு, அவன் கொடுத்த சொல், அவனது உரிமை ஆகிய மூன்றும் இதனுள் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கூலி உயர்வு கேட்பது இரத்தல் அன்று. வள்ளுவர் 'இரவு' என்றும் 'இரவச்சம்' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவர் அங்கே பேசுவது பொருளில்லாதவன் பொருளுடையவனிடம் கையேந்துவதைப் பற்றி. உழைப்பவனோ தன் உழைப்பைக் கொடுத்து அதற்கு ஈடாகப் பொருளைப் பெறுகிறான். அங்கே கொடுப்பவரும் இருவர், பெறுபவரும் இருவர். ஆகவே கூலியைப் பற்றிப் பேசுவதில் நாணுவதற்கு ஒன்றும் இல்லை. எப்போது பேசுவது, எந்தக் காரணத்தைக் காட்டிப் பேசுவது என்பனவே கருத வேண்டியவை.

வேலையில் சேரும்போது ஒப்புக்கொண்ட கூலி ஓர் உடன்படிக்கை. சாமை அறுவடைக்கு இன்ன கூலி என்று காலையில் ஒப்புக்கொண்டு கழனியில் இறங்கிய ஒருவர், பாதி அறுத்த பிறகு, "இன்னும் கூட்டிக் கொடுத்தால்தான் மீதியை அறுப்பேன்" என்றால் ஊரார் என்ன சொல்லுவர்? கதிரோ முற்றி நிற்கிறது. வேறு ஆள் தேட நேரமும் இல்லை. கழனிக்காரர் கேட்டதைக் கொடுக்கலாம். ஆயினும் மறு ஆண்டு அவரை அழைக்க மாட்டார்.

இதே வழக்கு கடலிலும் எழுந்தது. இலண்டனிலிருந்து பால்டிக் கடலுக்குச் சென்ற கப்பல் ஒன்றில் மாலுமிகள் இருவர் வழியிலேயே ஓடிவிட்டனர். "அவர்களுடைய சம்பளத்தையும் உங்களுக்கே பகிர்ந்து தருகிறேன், கப்பலை ஊர் சேருங்கள்" என்றார் தலைவர். ஊர் சேர்ந்த பின் அந்தத் தொகை கிடைக்கவில்லை. 1809-இல் வழக்கை விசாரித்த நீதிபதி எல்லன்பரோ, மாலுமிகளுக்கு அந்தத் தொகை உரியதன்று எனத் தீர்த்தார். பயணத்தில் நேரும் இடர்களைச் சமாளித்துக் கப்பலைக் கரை சேர்ப்பது அவர்கள் முன்னரே ஒப்புக்கொண்ட வேலைதான் என்பது அவர் கருத்து. இது ஸ்டில்க் – மைரிக் வழக்கு எனப்படும்.

ஆனால், 1857-இல் வந்த ஹார்ட்லி – பான்சன்பி வழக்கில் தீர்ப்பு மாறியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட இருந்த கப்பலில் 36 பேருள் 17 பேர் விலகிவிட்டனர். எஞ்சிய 19 பேரில் தேர்ந்த மாலுமிகள் மிகச் சிலரே. அந்நிலையில் கடலில் செல்வது உயிருக்கே ஆபத்து. முன்பு ஒப்புக்கொண்ட வேலை வேறு, இப்போது செய்யச் சொல்லும் வேலை வேறு என்று கண்ட நீதிமன்றம், வாக்களித்த அதிகத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்றது.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் வினாவிற்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. வேலை கடினம் என்பது மட்டும் போதிய காரணம் அன்று. அந்தக் கடினம் முன்னரே தெரிந்ததா என்று பார்க்க வேண்டும். உதவியாளாகச் சேர்ந்தவரை இரண்டாம் மாதத்திலேயே இயந்திரத்தைத் தனியே இயக்கச் சொன்னாலோ, பகல் வேலைக்கு வந்தவரை இரவு வேலைக்கு மாற்றினாலோ, இருவர் வேலையை ஒருவர்மீது சுமத்தினாலோ, அவர் மறுநாளே கேட்கலாம். அவர் பழைய சொல்லை மீறவில்லை. புதிய வேலைக்குப் புதிய விலை பேசுகிறார்.

வேலை மாறாதபோது சிறிது காலம் பொறுத்தல் நன்று. புதியவர் தொழில் பழகும் வரை முதலாளிக்குச் செலவே மிகுதி. பழகிய பின்னரே அவர் உழைப்பின் முழுப் பயன் தெரியும். அமெரிக்காவில் ஹென்றி போர்டின் மோட்டார் ஆலையில் ஆட்கள் சேர்வதும் விலகுவதுமாக இருந்து பெருநட்டம் விளைந்தது. 1914-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் நாட்கூலியை ஏறத்தாழ இரு மடங்காக்கி 5 டாலர் என அறிவித்தார். அந்த உயர்வைப் பெறுவதற்கும் ஆறு மாதப் பணி வேண்டும் என்பது விதி. பழகிய கையை இழப்பது எவ்வளவு நட்டம் என்பதை அவர் கணக்கிட்டறிந்தார். அந்தக் கணக்கே தொழிலாளியின் வலிமையும் ஆகும்.

பொறுத்தல் நன்று என்றேன். ஆயின், பொறுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், அரசு வரையறுத்த அளவிற்குக் கீழே கூலி கொடுத்தல் ஆகாது என்றது. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அக்கொள்கையை ஏற்றிருக்கிறது. "குறைந்த கூலிக்கு நீயே ஒப்புக்கொண்டாய் அல்லவா?" என்ற பேச்சு இங்கே செல்லாது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகளில் குறைந்த கூலி கொடுக்கப்பட்டது பற்றி 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. பசியினாலும் வறுமையினாலும் ஒருவன் சட்ட அளவிற்குக் குறைந்த கூலியை ஏற்றால், அதுவும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்பது அதன் முடிவு. இந்நிலையில் இருப்பவர் முதல் நாளிலேயே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இனி, மலையிலிருந்து இறங்கும் இளைஞர் தம் கருத்தில் ஆழப் பதிக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். அதுதான் முன்பணம். வீட்டில் திருமணம், மருத்துவம், பழைய கடன் என ஏதோ ஒரு நெருக்கடி. தரகர் ஒருவர் வந்து பெருந்தொகையைக் கையில் வைக்கிறார். "வேலை செய்து கழித்துக்கொள்ளலாம்" என்கிறார். தொகையை வாங்கியவர் வேலைக்குப் போகிறார். கூலி போதாது எனத் தோன்றும்போது அவரால் வாய் திறக்க இயலுவதில்லை. கேட்டால், "முதலில் முன்பணத்தைக் கீழே வை" என்பதே விடையாக வரும். கூலி உயர்வு கேட்கும் குரலுக்கு வலிமை தருவது, வேண்டாமென்றால் விலகிச் செல்லலாம் என்னும் உரிமை. அந்த உரிமையை முன்னரே விற்றுவிட்டவருக்குக் கேட்கும் காலம் என்று ஒன்று வருவதே இல்லை.

முன்பணம் வாங்குவதே குற்றம் என்று நான் கூறவில்லை. அதன் பெயரால் ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும், விரும்பிய இடத்திற்குச் செல்லவிடாமல் தடுப்பதும், பெயரளவிற்குக் கூலி கொடுப்பதும் கொத்தடிமை முறை ஆகும். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அம்முறையை ஒழித்ததோடு நில்லாமல், அத்தகைய கடனைத் திருப்பித் தரும் கடமையையும் நீக்கிவிட்டது. அச்சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரைச் சேர்ந்தது. எனவே முறையிட ஓர் இடமும் உண்டு.

கேட்கும் முறையையும் சிறிது சொல்லுகிறேன். சேரும்போதே கூலி எவ்வளவு, நேரம் எவ்வளவு, எத்தனை மாதத்திற்குப் பின் உயர்வு என்பவற்றைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்க. செய்த வேலையையும் பெற்ற கூலியையும் ஒரு சிறு ஏட்டில் நாள்தோறும் குறித்து வருக. கேட்கும்போது உங்கள் வீட்டுத் துன்பத்தை மட்டும் சொல்லாமல், உங்கள் வேலையில் என்ன மாறியிருக்கிறது என்பதைச் சொல்லுக. தனிக் குரல் எடுபடாவிட்டால் உடன் உழைப்பவரோடு சேர்ந்து கேட்டல் முறையே. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரனாரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர்.

ஆகவே, "இரண்டு மாதத்தில் கேட்கலாமா?" என்ற வினாவிற்கு நாள்காட்டி விடை சொல்லாது. வேலை மாறாவிட்டால் சொன்ன சொல்லைக் காத்துத் திறமையை வளர்த்துக்கொண்டு கேளுங்கள். வேலை மாறிவிட்டால் அப்போதே கேளுங்கள். கூலி சட்ட அளவிற்குக் கீழே இருந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். இவை மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், முன்பணத்தை நீட்டுபவரிடம் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "வேண்டாமென்றால் நான் திரும்பி வரலாமா?" என்று கேளுங்கள்.