மறந்துபோன பீப்பாயில் பிறந்த ‘அமரோனே’!

ரோமியோ - ஜூலியட் கதையால் உலகமே அறிந்த ஊர், இத்தாலியின் வெரோனா. அதற்கு வடக்கே உள்ள வல்போலிச்செல்லா மலைச்சரிவுகளில் செப்டம்பர் வந்தால் திராட்சை அறுவடை களைகட்டும். பொதுவாக, ஒயினுக்காகப் பறித்த திராட்சையை உடனே நசுக்கிவிடுவார்கள். இங்கோ நல்ல கொத்துகளாகப் பொறுக்கியெடுத்து, காற்றோட்டமான அறைகளில் அடுக்கி, மூன்று நான்கு மாதங்கள் வாடவிடுகிறார்கள். அந்த வாடிய திராட்சையில் தயாராவதுதான் அமரோனே. இத்தாலியின் கனமான சிவப்பு ஒயின்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

வாட வாடச் சுவை!

கொர்வினா, கொர்வினோனே, ரொண்டினெல்லா ஆகியவைதான் முக்கிய ரகங்கள். அந்தக் காலத்தில் மூங்கில் தட்டுகளில் பரப்பினார்கள். இப்போது மரம், பிளாஸ்டிக் தட்டுகளும் வந்துவிட்டன. தண்ணீர் வற்றி, பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குபோலக் குறைந்துவிடும். இனிப்பும் சுவையும் சுண்டி நிற்கும்.

இதில் ஒரு பயமும் உண்டு. ஈரமும் மூடுபனியும் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு கொத்தில் தொடங்கினால் பக்கத்துக் கொத்துக்கும் பரவும். ஜன்னலைத் திறப்பது, மூடுவது, மின்விசிறி ஓடவிடுவது, கெட்ட பழத்தை நீக்குவது என்று மாதக்கணக்கில் கவனம் தேவை. கண் அசந்தால் ஒரு வருட உழைப்பு போச்சு! இத்தனைக்குப் பிறகும் 100 கிலோ புதுத் திராட்சைக்கு 40 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்க விதிமுறை அனுமதிப்பதில்லை. விலை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவறு தந்த பெயர்

திராட்சையை உலர்த்தும் பழக்கம் இங்கே மிகப் பழையது. 6-ம் நூற்றாண்டில் மன்னரின் அமைச்சராக இருந்த காசியோடோரஸ், அரண்மனை விருந்துக்காக வெரோனா பகுதியின் உலர்திராட்சை ஒயினைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால், பல காலம் இங்கே பெயர் பெற்றிருந்தது ‘ரெச்சோட்டோ’ என்ற இனிப்பு ஒயின்தான்.

1936-ல் நெக்ரார் என்ற ஊரின் கூட்டுறவு ஒயின் ஆலையில், ஒரு பீப்பாய் ரெச்சோட்டோவை மறந்துவிட்டார்களாம். பாதியில் நிற்க வேண்டிய நொதித்தல் கடைசிவரை நடந்து, சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்டது. கெட்டுப்போயிருக்கும் என்று பயந்து ருசித்தவர்களுக்கு ஆச்சரியம்! இத்தாலிய மொழியில் ‘அமாரோ’ என்றால் கசப்பு. ‘அமரோனே’ என்றால் பெருங்கசப்பு. இப்படித்தான் பெயர் வந்தது என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். 2010-ல் இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தரச்சான்றும் கிடைத்தது.

எதற்கு எது பொருந்தும்?

அமரோனேவில் ஆல்கஹால் குறைந்தது 14 சதவிகிதம். பெரும்பாலும் 15, 16-ஐத் தொடும். செர்ரி, உலர்திராட்சை, சாக்லேட் வாசனை தூக்கலாக இருக்கும். மென்மையான மீனோ காய்கறி சாலட்டோ இதன் பக்கத்தில் காணாமல்போய்விடும். அதனால் வெரோனாவில் ‘கனத்துக்குக் கனம்’தான் கணக்கு. மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைத்த மாட்டிறைச்சி, வேட்டை இறைச்சி, நன்றாக முதிர்ந்த பார்மிஜானோ, மோன்தே வெரோனேசே பாலாடைக்கட்டிகள் ஆகியவை இதற்குச் சரியான ஜோடி. அமரோனேவையே ஊற்றி அரிசியை வேகவைக்கும் ரிசொட்டோ, வெரோனாவின் அடையாளம்.

கார உணவு மட்டும் இதற்கு ஒத்துவராது. மிளகாயின் காரம் நாக்கில் எந்த உணர்வுமுனையைத் தூண்டுகிறதோ, அதையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் கூடுமே தவிர, சுவை தெரியாது.

மது உடல்நலத்துக்குக் கேடு என்பதில் மாற்றமில்லை. ஆனால், ஒரு பழம் வாடுவதைக்கூடப் பொறுமையோடு காத்திருந்து, கெட்டுவிட்டதோ என்று நினைத்ததையும் கொட்டாமல் ருசித்துப் பார்த்த அந்த ஊரின் கதை, குடிக்காதவர்களுக்கும் இனிக்கும்!