43-ஆம் இடமும் 69 வாரங்களும்

அமெரிக்காவின் பில்போர்டு இதழ் ஹாட் 100 பட்டியலை 1958 ஆகஸ்டில் தொடங்கியது. 60 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 2018-இல் அக்காலம் முழுவதற்குமான மொத்தத் தரவரிசையை வெளியிட்டது. முதல் 10 பாடல்களில் 9 பாடல்கள் ஏதோ ஒரு வாரத்திலாவது முதலிடம் பெற்றவை. அவை முதலிடத்தில் இருந்த வாரங்களைக் கூட்டினால் 94 வருகிறது. மீதமுள்ள ஒரு பாடலின் கணக்கில் அந்த எண் 0. லீஆன் ரைம்ஸ் பாடிய 'ஹவ் டூ ஐ லிவ்' தான் அது. மொத்தத் தரவரிசையில் அதற்கு 5-ஆம் இடம்.

ரைம்ஸ் கன்ட்ரி இசைப் பாடகி. ஆனால் பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் இந்தப் பாடல் எட்டிய உச்சம் 43. அப்போது அந்தப் பட்டியலில் இருந்தவை 75 இடங்கள். சொந்த வீட்டில் பாதிக்கும் கீழே நின்ற பாடல், ஹாட் 100-இல் 2-ஆம் இடம் வரை சென்றது. இடைவெளி 41 இடங்கள். பாடலின் தரத்தையோ குரலையோ வைத்து இதை விளக்க முயல்வோர் உண்டு. எண்களைப் பார்த்தால் பெரும்பகுதி விளக்கம் வேறிடத்தில் கிடைக்கிறது.

முதல் காரணம், ஒரே பாடலுக்கு 2 பதிவுகள். 'கான் ஏர்' திரைப்படத்துக்காக டயான் வாரன் எழுதிய இப்பாடலை முதலில் பாடிப் பதிவு செய்தவர் ரைம்ஸ். படத் தயாரிப்புத் தரப்பு பின்னர் இன்னொரு கன்ட்ரி பாடகியான ட்ரிஷா இயர்வுட்டைப் பாடவைத்து, அவருடைய பதிவையே படத்தில் சேர்த்தது. இத்தகைய காதல் வரிகளுக்கு ரைம்ஸின் வயது போதாது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1982 ஆகஸ்டில் பிறந்த அவருக்கு அப்போது வயது 14, இயர்வுட்டுக்கு 32. ரைம்ஸின் நிறுவனமான கர்ப் பதிவைக் கிடப்பில் போடவில்லை. இரண்டு பதிவுகளும் 1997 மே 27 அன்று, ஒரே நாளில், கடைக்கு வந்தன. 10 நாட்கள் கழித்து, ஜூன் 6-ஆம் தேதி படம் வெளியானது. சுமார் 7.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலக அளவில் ஏறத்தாழ 22.4 கோடி டாலர் வசூலித்தது. படத்தின் இசைத்தட்டில் இந்தப் பாடலின் எந்தப் பதிவும் இடம்பெறவில்லை என்பது தயாரிப்புக் கணக்கில் ஒரு விநோதம்.

இரு பதிவுகளின் உச்ச இடங்களை எதிரெதிரே வைத்தால் எண்கள் குறுக்காக நிற்கும். கன்ட்ரி பட்டியலில் இயர்வுட் 2, ரைம்ஸ் 43. ஹாட் 100-இல் ரைம்ஸ் 2, இயர்வுட் 23. கன்ட்ரி வானொலிகளுக்கு ரைம்ஸ்மேல் முன்பே வெறுப்பு இருந்தது என்று இதைப் படிக்க முடியாது. 1996-இல் அவருடைய 'ப்ளூ' அதே பட்டியலில் 10-ஆம் இடத்தையும், 'ஒன் வே டிக்கெட்' முதலிடத்தையும் பிடித்திருந்தன. 1997 பிப்ரவரியில் அவருக்கு 2 கிராமி விருதுகள் கிடைத்தன. ஒரே பாடலின் 2 பதிவுகள் ஒரே நாளில் கைக்கு வந்தபோது நிலையங்கள் ஒன்றைத் தேர்ந்தன; அது இயர்வுட்டின் பதிவு. அவ்வளவுதான் எண்கள் சொல்வது.

இரண்டாவது காரணம், இரு பட்டியல்களும் எண்ணிய பொருள் வேறு. 1990 முதல் கன்ட்ரி பட்டியல் வானொலி ஒலிபரப்பை மட்டுமே எண்ணியது. கடையில் எத்தனை சிங்கிள் (தனிப்பாடல் வெளியீடு) விற்றாலும் அங்கே அதன் மதிப்பு 0. ஹாட் 100 விற்பனையையும் ஒலிபரப்பையும் சேர்த்து எண்ணியது. ஆனால் 1998 டிசம்பரில் விதி மாறும் வரை, அதன் ஒலிபரப்புக் கணக்கில் கன்ட்ரி நிலையங்கள் சேரவில்லை. ஆகவே இயர்வுட்டுக்கு ஆதரவாகக் கன்ட்ரி நிலையங்கள் தந்த ஒலிபரப்பு ஹாட் 100-க்குள் வரவில்லை. ரைம்ஸின் விற்பனை கன்ட்ரி பட்டியலுக்குள் வரவில்லை. ஒரே பாடலுக்கு 2 பேரேடுகள். ஒன்றின் வரவு மற்றதில் ஏறாது.

விற்பனையின் அளவு: அமெரிக்காவில் ரைம்ஸின் சிங்கிளுக்கு மும்மடங்கு பிளாட்டினம் சான்று, அதாவது 30 லட்சம் பிரதிகள். இந்தச் சான்று கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை எண்ணுவது, வாங்கியவர்களை அல்ல. அந்த ஆண்டுகளில் பல நிறுவனங்கள் சிங்கிளையே வெளியிடாமல், முழு இசைத்தட்டை வாங்கவைக்க முயன்றன. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' வானொலி ஒலிபரப்பில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. சிங்கிளாக விற்பனைக்கு வராததால் ஹாட் 100-இல் அது இருந்த வாரங்கள் 0. கர்ப் எதிர்வழியில் சென்றது. சிங்கிளும் விற்றது, அதே பாடலை உள்ளடக்கி 1997 செப்டம்பரில் வந்த இசைத்தட்டும் 40 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. சிங்கிள் இசைத்தட்டு விற்பனையைத் தின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இந்த ஒரு கணக்கில் ஆதாரம் இல்லை. ஒன்றை வைத்துப் பொதுவிதி எழுதவும் முடியாது.

அடுத்த எண் 69. ரைம்ஸின் பதிவு ஹாட் 100-இல் இருந்த வாரங்கள் இவை, நாட்களில் 483. 20 வாரங்களைக் கடந்த பாடல் 50-ஆம் இடத்துக்குக் கீழே இறங்கினால் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்பது அன்றைய விதி. அப்படியானால் 20 வாரங்களுக்குப் பிந்தைய 49 வாரங்களும் இந்தப் பாடல் மேல்பாதியிலேயே நின்றிருக்கிறது. 69-இல் 32 வாரங்கள் முதல் 10 இடங்களுக்குள்; இது 46.4 சதவீதம். 25 வாரங்கள் முதல் 5 இடங்களுக்குள், 36.2 சதவீதம். ஆக 6 முதல் 10 வரையான இடங்களில் அது கழித்தவை வெறும் 7 வாரங்கள். மேலே ஏறிய பாடல் மேலேயே தங்கியது. மொத்தத் தரவரிசையில் 5-ஆம் இடம் வந்ததற்கு இந்த விகிதமே முதன்மைக் காரணம் என்று கொள்ளலாம்.

முதலிடம் ஏன் கிடைக்கவில்லை? 1997 அக்டோபரில் தொடங்கி 14 வாரங்கள் அந்த இடத்தில் இருந்தது எல்டன் ஜானின் 'கேண்டில் இன் தி விண்ட் 1997'. இளவரசி டயானாவின் மறைவையொட்டி வந்த அந்த சிங்கிளுக்கு அமெரிக்காவில் 1.1 கோடி பிரதிகளுக்கான சான்று உண்டு. 30 லட்சத்தோடு ஒப்பிட்டால் 3.7 மடங்கு. ரைம்ஸ் 2-ஆம் இடத்தை எட்டியது அந்த 14 வாரங்களுக்குள், டிசம்பரில். இதைத் தோல்வி என்று எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை.

தங்கும் காலத்தின் சாதனை வரிசை இப்படி: 'மக்கரேனா' 60 வாரங்கள், ஜூவெலின் இரட்டைப் பாடல் சிங்கிள் 65, ரைம்ஸ் 69. 69-ஐ 2009-இல் ஜேசன் மிராஸின் 'ஐம் யுவர்ஸ்' கடந்து 76-இல் நின்றது. முதல் 10-க்குள் 32 வாரங்கள் என்ற எண் இன்னும் நீண்ட காலம் நிலைத்தது. 2017-இல் 'குளோசர்' அதைச் சமன் செய்ய, 'ஷேப் ஆஃப் யூ' 33 ஆக்கியது. பின்னர் 'பிளைண்டிங் லைட்ஸ்' 57 வாரங்களும், மொத்தத்தில் 90 வாரங்களும் எடுத்தது. ஆனால் இணையத்தில் ஒவ்வொரு கேட்பும் எண்ணப்படும் காலத்தின் எண்கள் அவை. கடைக்குச் சென்று ஒருமுறை காசு கொடுப்பதை ஒருமுறை மட்டுமே எண்ணிய காலத்தின் 69-ஐ அவற்றோடு நேராக நிறுத்துவது சரியாகாது.

அதே காலத்தின் ஒப்பீடு பொருத்தமானது. ஷனாயா ட்வைனின் 'யூ'ர் ஸ்டில் தி ஒன்' ஹாட் 100-இல் 42 வாரங்கள் இருந்தது. அவற்றில் 9 வாரங்கள் 2-ஆம் இடம். கன்ட்ரி பட்டியலில் 1 வாரம் முதலிடம். 1998 ஆண்டிறுதிப் பட்டியலில் ட்வைனுக்கு 3, ரைம்ஸுக்கு 5. ரைம்ஸின் பாடல் 1997 ஆண்டிறுதிப் பட்டியலிலும் 9-ஆம் இடத்தில் இருந்தது. தொடர்ந்து 2 ஆண்டுகள் முதல் 10-க்குள். வாரக்கணக்கில் ரைம்ஸ் 64 சதவீதம் அதிகம். இசைத்தட்டுக் கணக்கில் நிலைமை தலைகீழ்: ட்வைனின் 'கம் ஆன் ஓவர்' அமெரிக்காவில் 2 கோடி பிரதிகளுக்கான சான்று பெற்றது, ரைம்ஸின் இசைத்தட்டைவிட 5 மடங்கு.

இரு பட்டியல்களிலும் முதலிடம் பெறுவது எவ்வளவு அரிது என்பதற்கு ஓர் அளவு உண்டு. 1983 அக்டோபரில் கென்னி ரோஜர்ஸ், டாலி பார்ட்டன் இணைந்து பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' அதைச் செய்தது. அடுத்தது லோன்ஸ்டார் குழுவின் 'அமேஸ்ட்', 2000 மார்ச்சில். இடையே 16 ஆண்டுகளுக்கு மேல்.

விருதுகள் கன்ட்ரி பேரேட்டின் பக்கம் சாய்ந்தன. 1998 பிப்ரவரி 25 அன்று, சிறந்த கன்ட்ரி பாடகிக்கான கிராமிக்கு ஒரே பாடலுக்காக இருவரும் பரிந்துரைக்கப்பட்டிருந்தனர். மேடையில் பாடியவர் ரைம்ஸ். விருது பெற்றவர் இயர்வுட். மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் பாடியவர் இயர்வுட். விருது 'டைட்டானிக்' பாடலுக்குப் போனது.

2012 அக்டோபரில் பில்போர்டு கன்ட்ரி பட்டியலின் கணக்கை மாற்றி, விற்பனையையும் இணையக் கேட்பையும் எல்லா வகை நிலையங்களின் ஒலிபரப்பையும் சேர்த்தது. இந்த விதி 1997-இல் இருந்திருந்தால் ரைம்ஸின் 43 பெரிதும் மேலே போயிருக்கும். எந்த இடம் என்று சொல்ல இயலாது. ஒலிபரப்பை மட்டும் எண்ணும் கன்ட்ரி பட்டியல் ஒன்றும் தனியே தொடர்கிறது. அதில் 60 இடங்கள். 2019-இல் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' ஹாட் 100-இல் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. புதிய விதியின் கன்ட்ரி பட்டியலில் 19-ஆம் இடத்தில் நுழைந்த அதை, போதிய கன்ட்ரி இசைக்கூறுகள் இல்லை என்று பில்போர்டே நீக்கியது. கன்ட்ரி நிலையங்களின் ஒலிபரப்பில் அது எட்டிய உச்சம் 50.