பிரஷர் மாத்திரை போடுபவர் பல் இம்பிளான்ட் வைக்கலாமா?

"என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று பல் மருத்துவர் கேட்டால், "பிரஷருக்கு ஒன்று" என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. இம்பிளான்ட் வைக்கப் போகிறவருக்கு அந்தப் பதில் போதாது. பிரஷர் மாத்திரை பலவகை. வாய்க்குள் அவை செய்யும் வேலையும் வெவ்வேறு. மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

எலும்பு பிடிக்குமா?

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு. ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற மருத்துவர் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த காலம் தொட்டு அடிப்படை ஒன்றுதான்: எலும்பு அதை இறுகப் பிடிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும்.

இதற்குப் பிரஷர் மாத்திரை இடைஞ்சலா? கனடாவில் 728 பேருக்கு வைத்த 1,499 இம்பிளான்ட்டுகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 0.6 சதவீதமும், சாப்பிடாதவர்களிடம் 4.1 சதவீதமும் தோற்றிருந்தன. பிரஷர் மாத்திரைகளில் ஒரு வகையான பீட்டா பிளாக்கர்கள் எலும்புத் தேய்மானத்தைத் தூண்டும் நரம்புச் சமிக்ஞையை மட்டுப்படுத்துகின்றன. இன்னொரு வகையான தயசைடு மாத்திரைகள் சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கின்றன. காரணம் இவையாக இருக்கலாம். பழைய பதிவுகளைப் புரட்டிச் சொன்ன கணக்கு என்பதால் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், இம்பிளான்ட்டுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதற்கு நியாயமே இல்லை.

ஈறு தடிக்கிறதா?

கவனிக்க வேண்டியது அம்லோடிபைன், நிஃபெடிபைன் வகையை. நம்மூரில் அம்லோடிபைன் சாப்பிடாத தெரு இருக்காது. இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, தொடங்கிய சில மாதங்களில் ஈறு தடித்து வளரும். இம்பிளான்ட்டைச் சுற்றியும் வளரலாம். தடித்த ஈறுக்கடியில் பிரஷ் போகாது, அழுக்குப் படியும், சீழ் வைக்கும், பிடித்திருந்த எலும்பு மெல்லக் கரையும். பல்லில் படிவு அதிகமுள்ளவர்களுக்கே தொல்லையும் அதிகம் என்பதால், முறையாகச் சுத்தம் செய்வதே பாதி வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் பல் மருத்துவர், பிரஷர் பார்க்கும் மருத்துவரிடம் பேசி வேறு வகை மாத்திரைக்கு மாற்றச் சொல்வார். அதன்பின் பலருக்கு ஈறு வடிந்துவிடுகிறது.

வாய் உலர்ந்தால்

சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரைகளும் குளோனிடினும் எச்சிலைக் குறைக்கும். எச்சில் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

வைக்கும் நாளில்

காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டே போங்கள். அழுத்தம் 180/110-ஐத் தொட்டால் சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். புரோபிரனோலால் என்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர் அதைச் சொல்ல மறக்கக் கூடாது. மரத்துப்போகப் போடும் ஊசியிலுள்ள அட்ரினலினோடு சேர்ந்து அது அழுத்தத்தை ஏற்றிவிடலாம். முடிந்ததும் நாற்காலியிலிருந்து சட்டென எழாதீர்கள், தலை சுற்றும்.

வலிக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வாங்க வேண்டாம். அவை பிரஷர் மாத்திரையின் பலனைக் குறைக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை. பாரசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.