கொதிகலனுக்குள் கல் வளரலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வட்டாரங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதிகள். அங்கு விளையும் நெல்லைப் புழுங்கல் அரிசியாக்க நீராவி வேண்டும். அதற்குக் கொதிகலன் வேண்டும். எரிபொருளாக ஆலையில் கிடைக்கும் உமியே போதும். தொல்லை தருவது நீர்தான்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். நீர் ஆவியாகிப் போய்விடும்; உப்புகள் கலனிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். 10,000 லிட்டர் நீர் ஆவியானால் 3 கிலோ உப்பு எஞ்சும்!

சூடேறும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கால்சியம் சல்பேட்டின் குணம் விந்தையானது. சர்க்கரை வெந்நீரில் அதிகம் கரையும். இதுவோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். ஆகவே, மிகவும் சூடான குழாய்ச் சுவரிலேயே அது கல்போல் படிகிறது.

இதனால் என்ன தீங்கு? இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே எரிபொருள் வீணாகும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. காற்றழுத்தத்தைப்போல் 10 மடங்கு அழுத்தத்தில் நீர் சுமார் 180 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நெருப்பு படும் எஃகுக் குழாயை எரியாமல் காப்பது அந்த நீரே. இடையில் படிவு வந்துவிட்டால் குழாய் அளவுமீறிச் சூடேறி, இளகி, புடைத்து, வெடிக்கக்கூடும்.

கொதிகலன் விபத்தின் கொடுமையை நம் நாடு அறியும். 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல உயிர்கள் போயின. மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுக்குச் சட்டம் வந்தது. 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டம் பிறந்தது. 2025-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

படிவைத் தடுக்க வேதியியல் இரு வழிகளைக் காட்டுகிறது. முதல் வழி, கலனுக்கு வெளியே நடப்பது. சிறுமணிகளான பிசின் நிரம்பிய தொட்டி வழியே நீரைச் செலுத்துவார்கள். பிசின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். சோடிய உப்புகள் நன்கு கரைவதால் கல்லாகப் படிவதில்லை. பிசின் களைத்துவிட்டால், சமையல் உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் உயிர்பெறும்.

தப்பி வரும் கால்சியத்துக்கு இரண்டாம் வழி. கலனுக்குள் டிரைசோடியம் பாஸ்பேட்டை அளவறிந்து சேர்ப்பார்கள். காரத்தன்மையுள்ள நீரில் அது கால்சியத்தோடு கூடி, ஹைட்ராக்சி அபடைட் என்னும் பொருளாகிறது. நம் பற்களிலும் எலும்பிலும் இருப்பதும் இந்த இனக் கனிமமே! ஆனால் இங்கே அது கல்லாக ஒட்டாமல் மென்மையான சேறாக நீரில் மிதந்து அடியில் தங்கும். அடிவால்வை அவ்வப்போது திறந்து அதை வெளியேற்ற வேண்டும். திறக்க மறந்தால் மருந்திட்டும் பயனில்லை.

உப்பை அறவே ஒழிப்பதல்ல, ஒட்டாத வடிவில் மாற்றி வெளியேற்றுவதே இங்குள்ள உத்தி.

உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு இருக்கிறதா? அதன்மேல் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துக் குமிழிகள் வந்தால், அது கரியமில வாயு. படிவில் கார்பனேட் இருக்கிறது. ஆலைக் கொதிகலனின் பகைவனை அடுப்படியிலேயே கண்டுவிட்டீர்கள்!