மகள் அனுப்பிய மனு எங்கே போயிற்று?

தாம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 3 கம்ப்யூட்டர்கள். ஒன்றில் அப்பா கடைக் கணக்கு எழுதுகிறார். இன்னொன்றில் மகள் படிக்கிறாள். மூன்றாவது, வாசல் காமிராவைக் கவனிக்கிறது.

மகள் ஒரு வேலைக்கு ஈ-மெயிலில் மனு அனுப்பினாள். 5 நாள் கழித்து, அது திரும்பி வந்தது! கடைசித் தேதி முடிந்துவிட்டது.

ஏன் இப்படி?

25-ம் நம்பர் வாசல்

அவள் கம்ப்யூட்டர், எதிராளியின் மெயில் கம்பெனிக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டியது. அந்தக் கதவுக்கு 25-ம் நம்பர். 1982-ல் மெயில் விதிகள் எழுதப்பட்டபோது யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. பிறகு திருட்டு விளம்பரக்காரர்கள் புகுந்தார்கள். அதனால் பல இண்டர்நெட் கம்பெனிகள், வீடுகளில் இருந்து அந்த வாசலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டன.

டில்லிக்குக் கடிதம் என்றால் நாமே ரயில் ஏறுகிறோமா? தபாலாபீசில் சேர்க்கிறோம். அதுபோல, நாம் கணக்கு வைத்திருக்கும் மெயில் கம்பெனியிடம் 587-ம் நம்பர் வாசலில் ஒப்படைக்க வேண்டும். அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கேட்பார்கள்.

வீட்டுக்கு ஒரு தபால்காரர்

மூன்று கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டை எழுதி வைக்கலாம். ஆனால் மாற்றும்போது மூன்றிலும் மாற்ற வேண்டும். ஒன்று திருடு போனாலும் ஆபத்து!

எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரைத் தபால்காரர் ஆக்குவதே மேல். உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை போதும். அதில் போஸ்ட்பிக்ஸ் என்ற புரோகிராமைப் போடுங்கள். இலவசம்தான். பாஸ்வேர்டு அதில் மட்டும் இருக்கும். மற்றவை மெயிலை அதனிடம் கொடுத்துவிடும்.

இண்டர்நெட் அறுந்தால், அது மெயிலை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். சாதாரணமாக 5 நாள் வரை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்ததே, அப்படி மின்சாரமே போய்விட்டால் தபால்காரரும் படுத்துவிடுவார். இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது.

திறந்த வீடு வேண்டாம்

வீட்டுக் கம்ப்யூட்டர்களிடம் மட்டும் மெயில் வாங்கும்படி அதை அமைக்க வேண்டும். தெருவில் போகிறவனிடம் எல்லாம் வாங்கினால், அவன் லட்சக்கணக்கில் குப்பை மெயில் அனுப்புவான். பழி உங்கள் தலையில்!

ஜிமெயில்காரர்களுக்கு ஒரு விஷயம். 2022 மே 30 முதல், தனிநபர் கணக்குகளில் இத்தகைய புரோகிராம்களுக்குச் சாதாரண பாஸ்வேர்டு செல்லாது. இரண்டு கட்டச் சோதனையை இயக்கி, 16 எழுத்துள்ள தனி பாஸ்வேர்டு வாங்க வேண்டும்.

மனு அனுப்பியதும் தபால்காரரின் பதிவேட்டைப் பாருங்கள். 'சென்ட்' என்று இருந்தால் மெயில் கம்பெனி வாங்கிக்கொண்டது. 'டிபர்டு' என்று இருந்தால், மனு இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது!